எல்ஸ்பெத் மிரண்ட சனிக்கிழமை

என் அக்கா எல்ஸ்பெத்துக்குப் எங்கள் ஸ்காட்லாந்தின் பழைய ஸ்காட்ஸ் மொழிச் சொற்கள் என்றால் உயிர். மாதம் ஒரு சொல்லை எடுத்து, ஊர் மன்றத்தில் அதன் பூர்வீகம் வரை தோண்டாமல் விடமாட்டாள். போன மாதம் 'டார்ட்டில்'. ஒருவரை அறிமுகப்படுத்த வாயைத் திறந்ததும் அவர் பெயர் மறந்து திருதிருவென்று விழிக்கிறோமே, அதுதான். தள்ளாடுவதைக் குறித்த பழஞ்சொல்லில் பிறந்ததாம். இங்கிலாந்துக்காரனும்தான் விழிக்கிறான். அவனிடம் இதற்கென்று ஒரு சொல் உண்டா? கிடையாது.

அந்த அக்காதான் சனிக்கிழமை நடன விருந்துக்கு நினியன் பர்டியைக் கூட்டிவந்தாள். நினியன் மலையடிவாரத்தில் வண்டிக்குதிரை வளர்ப்பவர். அத்தான் போனபின் அக்காவை மறுபடி சிரிக்கவைத்த மனிதர், அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் ரோஷக்காரர்.

"உன் ஜனங்க முன்னாடி என்னைக் காட்ட வெக்கமா இருந்தா இப்பவே சொல்லிடு. வந்த வழியே போயிடறேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். கூட நின்ற நான் சட்டென்று கதவைத் திறந்துவிட்டேன்.

உள்ளே நுழைந்ததும் எதிரே வந்தவள் கிரிசல். அவள் காதில் விழுந்தது ஊர் முழுக்கப் பரவ அரைநாள் போதும்.

"யாரு எல்ஸ்பெத், இவரு?"

"இவர்... வந்து... இவர்..."

"ஏண்டி, பேரே இல்லாத ஆளையா கூட்டிட்டு வந்தே?"

நினியன் கழற்றிய தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஐயோ, வெக்கம் இல்லைங்க! டார்ட்டில்! எனக்கு டார்ட்டில் வந்துடுச்சு!" அக்கா அழுதுகொண்டே கத்திய கத்தலில் பிடில்காரர் வாசிப்பையே நிறுத்திவிட்டார்.

நினியன் நின்றார். "அது குதிரைக்குல்ல சொல்வாங்க?"

"குதிரைக்கா?" அழுகைக்கு நடுவிலும் அக்காவுக்குச் சொல் ஆசை விடவில்லை.

"பள்ளத்தைப் பார்த்து மிரண்டு நிக்குமே, அதைத்தான் எங்கப்பா டார்ட்டில்னு சொல்வாரு." அவர் முகம் மெல்ல இளகியது. "தாண்ட வேண்டாத பள்ளத்தை எந்தக் குதிரையும் திரும்பிக்கூடப் பார்க்காது. தாண்டியாகணும்னா மட்டும்தான் மிரளும்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். எட்டி அவர் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு அவர் கையைக் கெட்டியாகப் பிடித்தபடி கிரிசல் பக்கம் திரும்பினாள்.

"கிரிசல், இவர் நினியன் பர்டி. நான் தாண்டப்போற பள்ளம்."