மூச்சுக்கு ஒரு சாட்சி

எங்கள் ஊரில் குறட்டை விடுகிற பொம்பளை ஒருத்திகூடக் கிடையாது. சங்கரன்கோவில் முழுக்க வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பாருங்கள். ஆம்பளைகள் விடுவார்கள், அதைப் பெண்டாட்டிமார் பெருமை மாதிரியே சொல்வார்கள். பொம்பளை என்றால் சத்தமில்லாமல் தூங்கிச் சத்தமில்லாமல் எழுந்திருக்க வேண்டியவள். ஞானபூரணமாகிய நானும் ஐம்பத்தெட்டு வயது வரை அப்படித்தான் தூங்குகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல வீட்டில் ஆள் இருந்தால் அல்லவா? இருந்த ஒருத்தர் என் வீட்டுக்காரர் தாவீது. படுத்தால் கட்டை மாதிரி தூங்குகிற மனுஷன், என் சத்தம் அவர் காதில் விழுந்திருக்காது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் பெனிட்டா கட்டிக்கொண்டு மஸ்கட்டில் இருக்கிறாள்.

பிரஷர்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது. ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் இறங்குவேனா என்றது. எங்கள் ஊர் டாக்டர் கையை விரித்துவிட்டு, திருநெல்வேலியில் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே போனால் வாசலுக்கு ஒரு ஆராய்ச்சி. இருதயக்காரர்கள், பிரஷர் மாத்திரையைக் காலையில் போடுவது நல்லதா ராத்திரியில் போடுவது நல்லதா என்று ஆராய்கிறார்கள். சிறுநீரகக்காரர்கள் நாம் சாப்பிடுகிற உப்பை ஆராய்கிறார்கள். கண்காரர்கள் கண்ணுக்குள் லைட் அடித்து உள்ளே இருக்கிற ரத்தக் குழாயைப் படம் எடுக்கிறார்கள். எல்லாரும் சின்னஞ்சிறுசுகள், மேல்படிப்புப் படிக்கிற டாக்டர்கள். தங்களுக்கு வேண்டிய பாகத்தை மட்டும் என்னிடம் பார்த்துக்கொண்டு அடுத்த கட்டிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருத்தர்கூட சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. ஆராய்ச்சியில் அந்தக் கேள்வி கிடையாது போல.

கடைசியாகப் போய்ச் சேர்ந்தது நெஞ்சு நோய்ப் பிரிவு. அங்கே டாக்டர் மெஹர்பானு இருந்தாள். கடையநல்லூர்ப் பிள்ளை, என் பெனிட்டாவைவிடச் சின்னவள். பகலில் தூக்கம் வருமா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோயிலில் பிரசங்கத்துக்குத் தூங்காதவர் யார்? அதை விட்டால், எனக்கு ரத வீதியில் நோட்டுப் புத்தகமும் ஜெராக்ஸும் உள்ள கடை. போன மாதம் மெஷின் முன்னால் நின்றபடியே தூங்கிப்போய், ஒருத்தர் மூன்று காப்பி கேட்ட பட்டாவை முப்பது காப்பி எடுத்து வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

நிதானமாக விளக்கினாள். சிலருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருமாம். நிற்கிற போதெல்லாம் உடம்பு பயந்துபோய்ப் பிரஷரை ஏற்றிவிடுமாம். அப்படிப்பட்டவர்கள் மாத்திரையை அள்ளித் தின்றாலும் பிரஷர் இறங்குவது கஷ்டமாம். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற மெஷின் ஒன்று இருக்கிறது, அதை வைத்தால் இறங்குகிறதா என்பதுதான் அவள் செய்கிற ஆராய்ச்சி. அதில் சேர்ந்தால் உடனே தூக்கப் பரிசோதனை, வீட்டுக்கு மெஷின், மாதாமாதம் அவளே பார்த்துக்கொள்வாள். சேராவிட்டால் எல்லாரையும் போல வரிசையில் காத்திருக்க வேண்டும். வரிசை எப்போது நகரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

சேர்வதற்கு ஒரு நிபந்தனை. தூக்கத்தில் என் மூச்சு நிற்பதைக் கண்டோ கேட்டோ அறிந்த ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டும். "கூடப் படுக்கவங்க, இல்லாட்டா பக்கத்துல இருக்கவங்க யாராச்சும்" என்றாள்.

வீட்டில் நான் மட்டும்தான் என்றேன். அவள் முகத்தில் பரிதாபம் வந்தது. பரிதாபத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஒத்தையில் கிடக்கிறவளுக்கு மூச்சு நிற்காதா, அல்லது நின்றால் பரவாயில்லை என்று உங்கள் ஆராய்ச்சியில் முடிவு செய்துவிட்டீர்களா என்று கேட்டேவிட்டேன். அந்த நிபந்தனையைத் தான் போடவில்லை என்றாள் பாவம். அடுத்த வியாழக்கிழமையோடு ஆள் சேர்ப்பது முடிகிறது, அதற்குள் யாராவது கிடைத்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பயந்தேன். அதுவரை இல்லாத பயம். தூக்கத்தில் செத்தால் என்னை மாரித்தாய்தான் கண்டுபிடிப்பாள். கடையில் வேலை பார்க்கிறவள். கடை திறக்கவில்லையே என்று வெயில் ஏறும்வரை படியில் உட்கார்ந்திருப்பாள், அப்புறம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவாள். சாவுகூடப் பெரிதில்லை. மூச்சு நிற்கிற நேரத்துக்கும் அவள் வந்து தட்டுகிற நேரத்துக்கும் நடுவில் ஒரு உயிருக்கும் தெரியாமல் நான் கிடப்பேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பெனிட்டாவுக்குப் போன் செய்தேன். அவள் அழுதாள். பிறகு, போனைத் தலைமாட்டில் வைத்து வீடியோவைப் போட்டுவிட்டுத் தூங்குங்கம்மா, நான் பார்த்துச் சொல்லுகிறேன் என்றாள். அப்படியே செய்தேன். காலையில் எழுந்து பார்த்தால் திரையில் இருட்டு. பிள்ளைக்குக் காய்ச்சல், தூக்கிக்கொண்டு நடந்த அலுப்பில் அவளும் கண்ணசந்துவிட்டாளாம். தப்பு அவளுடையது இல்லை. அங்கேயும் ஒரு வீடு இருக்கிறது.

அடுத்து மாரித்தாயைப் பிடித்தேன். ராத்திரி என் வீட்டில் படுத்ததாகவும் மூச்சு நின்றதைக் கேட்டதாகவும் சொல்லச் சொன்னேன். ஆபத்துக்குப் பாவமில்லை என்று வேறு சொன்னேன். முதலில் தலையாட்டினாள். சாயங்காலம் கடையைப் பூட்டும்போது வீட்டுக்குப் போகாமல் நின்றாள். எங்க வீட்டுக்காரர் காதுக்குப் போனால், ராத்திரி எங்கே படுத்தாய் என்று கேட்பாரே, நான் எந்தச் சாட்சியைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

மிச்சம் இருந்தது அன்னக்கிளி.

எங்கள் வளவில் வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியவை. எனக்கும் அன்னக்கிளிக்கும் நடுவில் ஒரே சுவர். விசைத்தறிக்காரர் குடோனில் சேலை மடிக்கிற வேலை அவளுக்கு. புருஷன் மூக்காண்டி இறந்து மூன்று வருஷம் ஆகிறது, மகன் திருப்பூரில். நாங்கள் பேசிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெனிட்டா அனுப்பிய பெரிய டிவியை மாட்ட நான் சுவரில் டிரில் போட்டேன். அந்தப் பக்கம் காரை பாளமாகப் பெயர்ந்து, அவள் வடித்து ஆற வைத்திருந்த சோற்றில் விழுந்துவிட்டது. சோற்றுச் சட்டியோடு என் வாசலில் வந்து நின்றாள். ஒத்தையில் கிடக்கிறவளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய டிவி என்று கேட்டாள். நீ மட்டும் என்ன கூட்டத்தோடா கிடக்கிறாய் என்று நான் கேட்டேன். அதோடு சரி. எதிரும் புதிருமாகத் தண்ணீர் பிடிப்போம், ஒரே காய்க்காரனிடம் காய் வாங்குவோம், முகத்தைப் பார்க்க மாட்டோம்.

புதன்கிழமை சாயங்காலம் போய் அவள் கதவைத் தட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. பயத்துக்கு முன்னால் வெட்கம் எத்தனை நேரம் நிற்கும்? அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. மெஹர்பானு சொன்னதையெல்லாம் அவளிடம் ஒப்பித்தேன். நாளைக்கு என்னோடு வந்து ஒரே ஒரு பொய் சொல்ல வேண்டும் என்றேன்.

"பொய் எதுக்கு?" என்றாள். "உள்ளதையே சொல்லுதேன். எத்தன மணி பஸ்?"

உள்ளது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. குறட்டையைச் சொல்கிறாள், இத்தனை நாளாக வளவு முழுவதும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காது இரண்டும் சூடாகிவிட்டது. மறுநாள் பஸ்ஸில் அவள் முன்னால் ஏறி ஒரு சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின்னால் ஒரு சீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் டிக்கெட் எடுத்தேன்.

மெஹர்பானு எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்துக் கேள்விகளைத் தொடங்கினாள். குறட்டைச் சத்தம் கேட்குமா என்றாள். சுவரில் ஆணியில் தொங்குகிற சல்லடை ஆடும் என்றாள் அன்னக்கிளி. எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. மூச்சு நிற்பது எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டாள்.

அன்னக்கிளி செய்தே காட்டினாள். தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று இரண்டு மூன்று முறை இழுத்தாள், அப்படியே நிறுத்தினாள். அந்தச் சின்ன அறையில் நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. டாக்டர் பேனாவைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்தாள். பிறகு, தண்ணீருக்குள் முங்கினவள் மேலே வந்தது மாதிரி ஹக் என்று அன்னக்கிளி ஒரு மூச்சை இழுத்தாள். அதுதான் நான். என் மூச்சை முதல் முறையாக அன்றைக்குத்தான் கேட்டேன், அதுவும் அடுத்தவள் வாயில்.

"நிக்கும்போது நீங்க என்ன செய்வீங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

"சுவத்துல தட்டுவேன். அகப்பைய எடுத்துத் தலைமாட்டுல வச்சிருக்கேன். தட்டுனா இந்த அக்கா உருண்டு படுக்கும், மூச்சு வந்துரும். சில நாள் ரெண்டு மூணு தட்டு தட்டணும்."

"தினமுமா?"

"தினமும் நிக்குதுல்லா."

இதைப் பகலில் ஒரு நாள் என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றாள் டாக்டர். நாங்கள் பேசிக்கொள்ள மாட்டோம் என்று அன்னக்கிளி சாதாரணமாகச் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். இரண்டு வருஷம். இடையில் எத்தனையோ ராத்திரி நான் திடுக்கிட்டு விழித்து, ஏதோ கெட்ட கனவு என்று ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்திருக்கிறேன். ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் டாக்டர் தாளைத் திருப்பிவிட்டாள்.

என்னைச் சேர்த்துக்கொண்டதாக மெஹர்பானு சொன்னாள். கையெழுத்து வாங்கினாள். அடுத்த வாரமே பரிசோதனை என்றாள். பேனாவை மூடப் போனவள், என்ன நினைத்தாளோ, அன்னக்கிளியிடம் கேட்டாள்.

"அப்ப நீங்க எப்பம்மா தூங்குவீங்க?"

தூக்கம் போய் மூன்று வருஷம் ஆயிற்று என்றாள் அன்னக்கிளி. விடியும் நேரம் கொஞ்சம் கண் சொருகும், அதோடு சரி. மூக்காண்டி மாரடைப்பில் இறந்தார் என்று வளவு முழுக்கத் தெரியும். நானே அன்றைக்குக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போனவள்தான். எனக்குத் தெரியாததை அவள் டாக்டரிடம் சொன்னாள், என்னிடம் இல்லை.

"அவுகளும் இப்பிடித்தான் சத்தம் போட்டுத் தூங்குவாக. அன்னைக்குச் சட்டுன்னு நின்னுச்சு. அப்பாடா, இன்னைக்காவது விட்டாகளேன்னு திரும்பிப் படுத்தேன். நல்ல தூக்கம், டாக்டர். விடிஞ்சு தொட்டுப் பாத்தா, சில்லுன்னு கெடக்காக." சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுலருந்து சத்தம் நின்னா என்னால படுத்திருக்க முடியல."

மெஹர்பானு பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய்ப் பக்கத்துப் பிரிவுக்குப் போன் செய்துவிட்டு வந்தாள். மனநலப் பிரிவில் தூக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு டாக்டர் புது முறையில் சிகிச்சை கொடுத்து ஆராய்கிறாராம், மாத்திரை இல்லாமல் தூங்கப் பழக்குவாராம். இன்றைக்கே அன்னக்கிளியைச் சேர்க்கலாம். ஆனால் அவர்களுக்கும் ஆள் வேண்டும், இவளுடைய ராத்திரி எப்படிப் போகிறது என்று பக்கத்தில் இருந்து அறிந்தவர். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

அன்னக்கிளி கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் இந்த அக்காதான்" என்றாள்.

டாக்டர் புதிதாக ஒரு தாளை எடுத்து என் பக்கம் திரும்பினாள். ராத்திரியில் எழுந்து நடமாடுவார்களா, விளக்கு எரியுமா, அழுகிற சத்தம் ஏதாவது கேட்குமா என்று வரிசையாகக் கேட்டாள். முந்தின நாள் என்னிடம் தயாராக ஒரு பொய் இருந்தது. இப்போது உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அன்னக்கிளி தலையைக் குனிந்து, நான் சொல்லப் போவதைக் கேட்கக் காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் ஒன்றே ஒன்று நினைவுக்கு வராதா என்று தேடித் தேடிப் பார்த்தேன்.

"சொல்லுங்கம்மா. இவங்க ராத்திரியில தூங்குதாங்களா, இல்லையா?"

"தெரியாது டாக்டர்" என்றேன். "நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்."