ஐம்பத்து மூன்றாம் வாரம்

அவன் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தான். மனைவி அங்கேயே பகல் நேர நர்ஸ். கல்யாணமான நாளாக அவன் சொன்ன எதற்கும் அவள் வயிறு குலுங்கச் சிரித்ததில்லை. ஆனால் மருந்தகத்து நெட்டையன் வாயைத் திறந்தால் போதும், வீடு வந்த பிறகும் அவளுக்குச் சிரிப்பு அடங்காது.

“இன்னைக்கு நெட்டையர் என்ன சொன்னாரு தெரியுமா?” என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள். அவனுக்கு வயிறு பற்றி எரியும்.

ஒரே ஆறுதல் ஷிப்ட் பட்டியல்தான். அதைப் போடும் புரோகிராமை எழுதியவனும் அவனே. வார எண் ஒற்றைப்படை என்றால் நெட்டையனுக்கு இரவு, இரட்டைப்படை என்றால் பகல். ஒற்றைப்படை வாரங்களில் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வருஷக் கடைசியில் சோதித்துப் பார்த்தபோது ஒரு கோளாறு கண்ணில் பட்டது. அந்த வருஷத்துக்கு ஐம்பத்து மூன்று வாரங்கள். அடுத்து வருவது புது வருஷத்தின் முதல் வாரம். இரண்டுமே ஒற்றைப்படை, நெட்டையனுக்குத் தொடர்ந்து இரண்டு வாரம் இரவு விழும். வார எண்ணை விட்டுவிட்டு ஏதாவதொரு திங்கட்கிழமையிலிருந்து வாரங்களைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டு போனால் சரியாகிவிடும். ஒரு வரி வேலை. கீபோர்டில் வைத்த கையை எடுத்துக்கொண்டான். கிடந்து சாகட்டும்.

நெட்டையனின் இரவு ஷிப்ட் இரண்டாவது வாரமாகத் தொடர்ந்தபோது அவள் சிடுசிடுவென்று வந்தாள்.

“பாவங்க அந்த மனுஷன். மறுபடியும் நைட்டு. தூக்கக் கலக்கத்துல மருந்தையே மாத்திக் குடுக்கப் பாத்திருக்காரு. நான் நேரா சூப்பிரண்டுகிட்ட போய் சண்டை போட்டுட்டேன். இந்த மாசம் முழுக்க அவருக்குப் பகல்தான்.”

அவன் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“ஏங்க, உங்க புரோகிராம்ல இப்படி வரும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் சரி பண்ணல?”

“நீ அவன் பேச்சுக்கு மட்டும்தான சிரிக்கிற.”

கத்துவாள் என்று பார்த்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முதல் வேலையாக அந்த வரியை மாற்றினான். சூப்பிரண்டிடம் போய்த் தப்பு தன்னுடையதுதான் என்றும் சொன்னான். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

அதன்பின் அவள் வீட்டில் நெட்டையன் பேச்சையே எடுப்பதில்லை. விட்டது சனி என்றுதான் முதலில் நினைத்தான். ஒரு சாயங்காலம் சமையலறையில் அவள் தனியாகச் சிரிப்பது கேட்டது. எழுந்து போய்க் கதவோரம் நின்றான்.

“என்னவாம்?”

“ஒண்ணுமில்லீங்க.”

“சும்மா சொல்லேன்.”

“வேணாம். சொன்னா நீங்க பட்டியல்ல கை வைப்பீங்க” என்றாள், வாயைப் பொத்திக்கொண்டு.