மணிக்கட்டில் இரண்டு அழுத்தல்

குஸ்திக்கு டிக்கெட் போட்டு விற்கத் தொடங்கிய புதிதிலேயே தோற்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர் அவர். பட்டப்பெயர் மலை. ஊர் ஊராகப் போய்ச் சாய்ந்த ஒரே மலை.

யார் விழுவது என்பது கொட்டகைக்குள் நுழையும் முன்பே முடிவாகிவிடும். பிடியில் இருக்கும்போது எதிராளி மணிக்கட்டை இரண்டு முறை அழுத்தினால், நேரமாகிவிட்டது என்று பொருள். மலை முகத்தைக் கோணிக்கொண்டு மல்லாந்துவிடுவார். ஜனம் திட்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

வீட்டில் விருந்தாளிகள் நடுவே மைத்துனன் ஒருநாள் சொன்னான்: "எங்க மாமா படுத்துக்கிட்டே சம்பாதிக்கிற மனுஷன்."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் எழுந்துபோய்த் தட்டு கழுவினாள். அவளும் சிரித்திருந்தால் தேவலை.

மறுநாளே குஸ்தி நடத்தும் காண்ட்ராக்டரிடம் போய் நின்றார். ஒரே ஒரு தடவை, மனைவி பார்க்க, ஜெயிக்க வேண்டும். கிட்னியைக் கேட்டது போல முழித்த காண்ட்ராக்டர், கடைசியில் தொலைந்து போ என்று சம்மதித்தார். எதிராளியாக வந்த சாம்பியன் நல்ல பையன். தானே கையை அழுத்துவதாகவும், அழுத்தியதும் தன்னைத் தூக்கிப் போட்டுவிடும்படியும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். முன்வரிசையில் மனைவி, பக்கத்தில் மைத்துனன். மலை அன்று நிஜமாகவே நன்றாக ஆடினார். சாம்பியனின் கழுத்து அவர் கக்கத்தில். ஜனம் எழுந்து நின்றது. மனைவியும் எழுந்தாள்.

சாம்பியன் மணிக்கட்டை இரண்டு முறை அழுத்தினான்.

மலை மல்லாந்தார்.

இத்தனை வருடப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சொன்ன சொல் தவறாத சாம்பியனும் அதே நொடியில் பக்கத்தில் மல்லாந்தான். இருவரும் பாய் விரித்துப் படுத்தவர்கள் போலக் கொட்டகைக் கூரையைப் பார்த்துக் கிடந்தார்கள்.

"எழுந்திரிங்கண்ணே. நீங்கதான் ஜெயிக்கணும்."

"தெரியும்டா. உடம்பு கேக்க மாட்டேங்குது."

கொட்டகையே சிரித்தது. காண்ட்ராக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, இனி எல்லா ஊரிலும் இதுதான் ஆட்டம் என்று அங்கேயே அறிவித்தார்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். தெருமுனையில் மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள், ஆறுதலாக ஒரு முறை அழுத்தினாள். மலை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விடுங்க, போகுது," என்று இன்னொரு முறை அழுத்தினாள்.

முழங்கால் மடங்கியது. நடுத்தெருவில் மல்லாந்து கிடந்தவரைப் பார்த்து, பின்னால் வந்த மைத்துனன் முதல்முறையாகச் சிரிக்கவில்லை.