மூன்று கரண்டி முள்ளங்கி சூப்

தாவ் ஜிங்ஷான் அன்று காலையிலேயே ஏழாவது முறையாக மனைவியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார்.

"கையை விடுங்க டாக்டரே," என்றாள் யூஜென், கண்ணைத் திறக்காமல். "நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

நாடி நூல் மாதிரி ஓடியது. அழுத்தினால் காணாமல் போனது. லேசாக விட்டால் அவருடைய விரலே துடித்தது. யாருடைய நாடியைப் பார்க்கிறோம் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷமாக அந்தச் சின்ன ஊருக்குக் கசாயமும் உபதேசமும் கொடுத்து வந்தவர். சூடும் ஏறக்கூடாது, குளிர்ச்சியும் ஏறக்கூடாது. ரொம்பச் சிரிக்காதே, இதயத்துக்கு ஆகாது. ரொம்பக் கவலைப்படாதே, மண்ணீரலுக்கு ஆகாது. இரண்டு தட்டும் சமமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். சொன்னவருக்கு நான்கு நாளாகத் தூக்கமும் இல்லை, வயிறும் கழியவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் ஜன்னலுக்குப் போனார்.

வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. மின்கம்பங்கள் பனிக்கட்டியின் கனம் தாங்காமல் சாய்ந்துவிட்டன. சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் கூட்டம் முழுக்க வழியில் நின்றது. குவாங்சோவிலிருந்து வரும் ஏதோ ஒரு ரயிலில், இரண்டு நாளாக, அவர்களுடைய ஒரே மகள் சியாவ்மானும்.

"நீ வர்ற வரைக்கும் அம்மாவைப் பிடிச்சு வைக்கிறேன்," என்று போனில் வாக்குக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரி கைவிரித்து அனுப்பியிருந்த ஈரல் புற்று அது. அடுப்பில் ஜின்செங் வேர் கொதித்துக்கொண்டிருந்தது, தனியாக. அவர் தொழிலில் எந்த மருந்தையும் தனியாக அனுப்புவதில்லை. தூக்கிவிட ஒன்று, அடக்கிவைக்க ஒன்று, எல்லாவற்றையும் சமாதானப்படுத்தக் கொஞ்சம் அதிமதுரம். ஜின்செங்கைத் தனியாகக் கொடுப்பது ஒரே காரியத்துக்குத்தான்: கிளம்பிவிட்ட மூச்சை, பிள்ளைகள் வந்து சேரும்வரை வாசலிலேயே நிறுத்திவைக்க.

மூச்சு போகாமல் வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் முகம் கொதித்தது, பாதங்கள் சில்லிட்டிருந்தன. தூங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல் அவள் போர்வையை நகத்தால் பிறாண்டிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து வீட்டு சுய் அக்கா கஞ்சியோடு வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "மறுபடியும் அந்த வேரா? அவ முகத்தைப் பாருங்கண்ணே, வேகவச்ச நண்டு மாதிரி சிவந்து கிடக்கு."

"இன்னும் ஒரே ஒரு நாள்."

"முந்தாநாளும் இதையேதான் சொன்னீங்க." கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போன் அடித்தது. யாருடைய போனையோ வாங்கிப் பேசினாள் மகள். "அப்பா, கொஞ்சம் நகர்ந்துச்சு, திரும்ப நின்னுடுச்சு. அம்மா?"

"இருக்கா."

"பிடிச்சு வைங்கப்பா. நான் இறங்கி நடந்தாவது..." தொடர்பு அறுந்தது.

"என்னவாம்?" என்றாள் யூஜென்.

"ரயில் கிளம்பிடுச்சாம். காலையில வந்துடுவா."

"பொய் சொல்றப்ப காதைச் சொறிவீங்க."

அவர் கையைக் கீழே இறக்கினார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"முள்ளங்கி சூப் குடிக்கணும் போல இருக்கு."

ஜின்செங் ஏற்றியதை முள்ளங்கி இறக்கிவிடும். அந்த ஊரில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும். அவர் கட்டித் தந்த ஜின்செங் பொட்டலங்களின் மேல் 'முள்ளங்கி சேர்க்காதே' என்று எழுதிக் கொடுத்ததே அவள் கைதான்.

"இந்தக் குளிர்ல நல்ல முள்ளங்கி எங்க கிடைக்கும்?"

"கொல்லையில பொதச்சு வச்சிருக்கேன். இடதுபக்கம், மூணாவது குழி."

"சியாவ்மான் வர்றாளே."

"வரட்டும். நீங்க இருக்கீங்கல்ல." மூச்சு வாங்கினாள். "எனக்கு முடியல, ஜிங்ஷான்."

டாக்டரே என்று சொல்லியிருந்தால் ஏதாவது வாதாடியிருப்பார்.

மண் இறுகிக் கிடந்தது. மண்வெட்டியால் கொத்தி மூன்று முள்ளங்கிகளை எடுத்தார். மிகச் சிறியதை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தார். திரும்பி வந்து பெரியதை எடுத்தார். கடைசியில் நடுத்தரமானதோடு உள்ளே போனார். அங்கேயும் வைத்தியர்தான். நறுக்கிக் கொதிக்கவிட்டு, முள்ளங்கியின் குளிர்ச்சிக்கு ஈடாக இருக்கட்டுமென்று இரண்டு துண்டு இஞ்சி போட்டார். மூன்றாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்காக இந்தக் கணக்கு என்று நின்றார். பிறகு அதையும் போட்டார்.

முதல் கரண்டி. "உப்பு கம்மி."

"உப்பு சிறுநீரகத்துக்கு..."

"டாக்டரே."

உப்பு கொண்டுவந்தார். இரண்டாவது கரண்டி. மூன்றாவதுக்குப் பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு சின்னதாக ஓர் ஏப்பம் விட்டாள். அதற்கு அவளே வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

மதியத்துக்குள் முகத்தின் சிவப்பு இறங்கியது. போர்வையைப் பிறாண்டிய விரல்கள் ஓய்ந்தன. ஜிங்ஷான் நாடி பார்க்கவில்லை; விரல்கள் தாமாகவே பார்த்துவிடுமோ என்று பயந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்கு சுய் அக்கா வந்து, குனிந்து பார்த்து, "அண்ணே, கையை எடுங்க. போயிட்டா," என்றாள்.

மறுநாள் பகலில் சியாவ்மான் வந்தாள். தண்டவாளத்தோரமாக நடந்து, பிறகு முட்டைக்கோஸ் லாரியில் ஏறி வந்திருந்தாள். கூடத்தில் பலகையில் கிடத்தியிருந்த அம்மாவுக்கு மூன்று முறை தரையில் நெற்றி படிய வணங்கினாள், அழுதாள், சுய் அக்கா பிடித்துத் தூக்கினாள். அதற்குப் பிறகுதான் சமையலறைக்கு வந்தாள்.

"கடைசியா என்னப்பா சாப்பிட்டாங்க?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். கஞ்சி என்று சொல்லலாம். பானையில் கஞ்சியும் இருந்தது.

"முள்ளங்கி சூப்."

அவள் வைத்தியர் வீட்டுப் பெண். அவரையே பார்த்தாள். "யார் போட்டது?"

"நான்தான்."

கெட்டில் கொதித்து விசில் அடித்தது. ஜிங்ஷான் மகளின் கால்களைப் பார்த்தார். ஊறிப்போன காலணிகளுக்குள்ளிருந்து குளிருக்காகத் திணித்த செய்தித்தாள் பிதுங்கியிருந்தது. அவர் கால் கழுவும் பேசினை இழுத்து, மண்டியிட்டு, வெந்நீர் ஊற்றினார். கையை விட்டுப் பார்த்தார், அதிகச் சூடு. பச்சைத் தண்ணீர் ஊற்றினார், ஆறிவிட்டது. மறுபடி வெந்நீர். மறுபடி பச்சைத் தண்ணீர். பேசின் விளிம்புவரை வந்துவிட்டது. கெட்டில் காலியாகும்வரை அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

சியாவ்மான் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு காலணியைக் கழற்றி அந்தக் காலை மெதுவாக உள்ளே இறக்கினாள். தண்ணீர் வழிந்து அவர் முழங்காலை நனைத்தது.

"சூடு சரியா இருக்கா?"

அவள் குனிந்து, அடுத்த காலணியின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.