மேனேஜருக்கு ஒரு ஸ்பூன்

மருமகள் ஸ்பூனைக் கழுவப் போனதும் பூட்டுக்காரர் மெல்ல எழுந்து போய் நாயின் தட்டை முகர்ந்து பார்த்தார். மீன் வாடை. சோற்றின் மேல் வெளிர் மஞ்சளாக ஏதோ தூள். "எலும்புக்கு நல்லது மாமா, தினமும் ஒரு ஸ்பூன்" என்று சொல்லித்தான் இரண்டு வாரமாகப் போடுகிறாள். டப்பாவிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் முப்பது வருடம் பூட்டுகளோடு மல்லுக்கட்டிய மனிதர், வெளியில் எழுதியிருப்பதை நம்பி எந்தப் பெட்டியையும் திறந்ததில்லை.

நாயின் பெயர் மேனேஜர். தினமும் காலையில் அவரோடு பதினெட்டுப் படி இறங்கி, கீழே கடையில் சாவி வெட்டும் மெஷினுக்கடியில் படுத்து, ஒரு வேலையும் செய்யாமல் வருகிறவர்களையெல்லாம் முறைப்பதால் வந்த பெயர் அது. மனைவி போன பிறகு அவர் வாய்விட்டுப் பேசுவது அதனிடம் மட்டும்தான். மகனிடம் எதைச் சொன்னாலும் 'சரிப்பா' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மேனேஜராவது காதைத் தூக்கிக் கேட்கும்.

மருமகள் இந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம். வந்த நாளிலிருந்தே தும்மல். எப்போது பார்த்தாலும் மூக்கு அடைத்துக்கொண்டிருக்கும். முதல் வாரமே, "இந்த மாதிரி நாய் எத்தனை வருஷம் மாமா இருக்கும்?" என்று கேட்டாள். அதை அவர் மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அப்படிப்பட்டவளுக்கு நாயின் எலும்பு மேல் திடீரென்று என்ன கரிசனம்?

அன்று சாயங்காலம் படியேறி வரும்போது அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"நாய்க்கு மருந்து வச்சுட்டேம்மா. ரெண்டு மாசத்துல தெரிஞ்சிடும்."

மருந்து கொடுப்பது வேறு, மருந்து வைப்பது வேறு. முன்பு குடியிருந்த தெருவில், ஒரு காலையில் மூன்று நாய்கள் குழாயடியில் விறைத்துக் கிடந்தபோதும் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள்: மருந்து வச்சுட்டாங்க. நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டு அவள் அழுதால், மகன் அவள் பக்கம் நின்றால்? வழக்கமாகப் பாதிப் படியில் கால் ஓய்ந்து நின்றுவிடும் மேனேஜர், அந்த வாரம் நடுவில் நிற்காமல் பதினெட்டுப் படியும் ஏறியது. அதுவும் அவருக்கு உறுத்தியது. ஏதோ போதை ஏற்றுகிறாள் என்று முடிவு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் வெளியே போன நேரம், தூளைக் கழிப்பறையில் கொட்டி, டப்பாவைக் கழுவித் துடைத்து, பால்பவுடரை நிரப்பி வைத்தார். நிறம் அதேதான். மீன் வாடை இல்லாதது அடைத்த மூக்குக்கு எங்கே தெரியப்போகிறது? யாராலும் திறக்க முடியாத பூட்டைத் திறந்துவிட்ட பெருமை அவருக்கு.

ஐந்து வாரம் போயிற்று. மேனேஜர் ஆறாவது படியிலேயே உட்கார ஆரம்பித்தது. கைகாரி, வேறு எதிலோ கலக்கிறாள் என்று தண்ணீரையும் முகர்ந்து பார்த்தார். ஒரு நாள் காலை அது கால் மடங்கி நாலு படி உருண்டது. அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்.

மருமகள் ஓடிவந்து தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தும்மினாள், ஆனாலும் விடவில்லை.

"நான் தினமும் மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் மாமா இது பக்கத்துல உக்கார்றேன். எனக்கு ஒரு மாத்திரை, இதுக்கு ஒரு ஸ்பூன். ரெண்டு மாசம் விடாம குடுத்தா படியில நல்லா ஏறி இறங்கும்னு நாய் டாக்டர் சொன்னாரே. அம்மாகிட்டகூட அப்படித்தான் சொன்னேன்."

அவர் கண் டப்பாவின் பக்கம் போனது.

"தூள்தான் போலியா இருக்கணும். அந்தக் கடைக்காரனைச் சும்மா விடப் போறதில்ல." டப்பாவை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"இரும்மா," என்று வாசலை மறித்து நின்றார்.

அவள் நின்று அவரைப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து, கொஞ்சம் தூளை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இனிக்குது மாமா."

அவர் தரையைப் பார்த்தார். மூடி திறந்த சத்தம் கேட்ட மேனேஜர், எழ முடியாமல் படுத்தபடியே, வாலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.