பூக்கடை வாசலில் மடை மாற்றியவள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நடக்கும் ஊரை நான் பார்த்ததில்லை. அல்லிநகரத்தில், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். நான் போன ஆகத் தூரமான வெளிநாடு குமுளி. அங்கேயும் பாதிப் பேர் தமிழ் பேசுகிறார்கள்.

கதை வாட்ஸப்பில் வந்தது. என் அக்கா மகள் ஹேமாவதி ஜெர்மனியில், ஃப்ரைபுர்க் என்ற ஊரில் படிக்கிறாள். நேற்று, சனிக்கிழமை, ஒன்பது குரல் செய்தி அனுப்பினாள். கடைசிச் செய்தி இது:

“மாமா, இதக் கதையா எழுதி நாளைக்குள்ள எனக்கு அனுப்புங்க. வழக்கம்போல ஆறு மாசம் போட்டு இழுத்துறாதீக. திங்கக்கிழமை சாயந்தரத்துக்கு மேல இது எதுக்கும் ஆகாது.”

கதை என்ன பாலா, கெட்டுப்போவதற்கு? திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. பில் புத்தகத்தின் பின்பக்கம் காலியாகக் கிடந்தது.

2

தொடக்கம் ஒன்று: ‘பனி படர்ந்த ஐரோப்பிய வீதிகளில் இரு தமிழ்ப் பெண்கள் மெல்ல’

(அடித்துவிட்டேன். இப்போது அங்கே பனியே இல்லையாம். சுள்ளென்று வெயிலாம்.)

தொடக்கம் இரண்டு: ‘சிம்ரன் பெட்டியைக் கட்டிவிட்டாள்.’

இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

சிம்ரன் பெட்டியைக் கட்டிவிட்டாள். [பெயரைப் பார்த்து வடக்கே தேடாதீர்கள். இவள் பண்ணைப்புரம் சீனிச்சாமி மகள். அவள் பிறந்த காலத்தில் எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு சிம்ரன். காரணம் உங்களுக்கே தெரியும்.] அவளும் ஹேமாவதியும் ஒரே விடுதி, அடுத்தடுத்த அறை. சிம்ரன் படிப்பது நீர்வளம். அதில் ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. பேராசிரியர் எதிரே உட்கார்ந்து கேட்பார், இவள் ஜெர்மனில் பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் தெரிந்த பதில்கூட வாயைவிட்டு வரவில்லை. திருதிருவென்று முழித்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாவது முறை இந்தச் செவ்வாய்க்கிழமை. அதிலும் கோட்டை விட்டால் படிப்பு அத்தோடு சரி. நான்காவது வாய்ப்புக் கிடையாது.

அதனால் திங்கட்கிழமை சாயங்கால விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். தேர்வுக்கு முந்தின நாள்.

“‘பெயிலாகி வந்திருக்கா’ன்னு ஊர்ல பேசுறதுக்கு, ‘குளிரு ஒத்துக்கல’ன்னு பேசட்டும்டி,” என்றாள்.

ஹேமாவதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாதி தோழிக்காக. மீதி, செவ்வாய்க்கிழமை முதல் அடுத்த அறை பூட்டிக் கிடக்குமே என்று தனக்காக. அதை என்னிடம் அவள் மறைக்கவில்லை. நானும் உங்களிடம் மறைக்கவில்லை.

“சரி, போறதுதான் போற. ஒன்றரை வருசமா விடுதி, வகுப்பு, அரிசிக் கடை, இத விட்டா ஊருல ஒரு தெருவக்கூட ஒழுங்காப் பாக்கல. இன்னைக்கு நடந்தே ஒரு சுத்து சுத்திட்டு வருவோம், கெளம்பு,” என்றாள்.

3

நடந்தார்கள்.

[இங்கே ஒரு தேவாலயக் கோபுரத்தைப் பற்றி முக்கால் பக்கம் இருந்தது. போனில் படம் பார்த்து எழுதியது. எனக்கே வெட்கமாக இருந்ததால் கிழித்துவிட்டேன்.]

ஹேமாவதி சொன்னதை மட்டும் எழுதுகிறேன். நடைபாதையில் கோலம் போட்ட மாதிரி கூழாங்கல் பதித்திருக்கிறார்கள். தெருவோரமாக ஒரு முழ அகலத்தில் கல் வாய்க்கால். அதில் தெளிந்த ஆற்றுத் தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. டிராமில் போகும்போது இருவரும் பார்த்ததுதான். நின்று பார்த்தது நேற்றுதான். அதில் தெரியாமல் கால் வைத்தால் அந்த ஊர்க்காரரையே கட்டிக்கொள்வீர்கள் என்று ஒரு பேச்சு உண்டாம். (அக்கா, நீ படித்தால் இந்த வரியைத் தாண்டிப் போய்விடு.)

சிம்ரன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏண்டி, இத யாரு பாத்துக்கிறாக?”

“யாரையும் காணமே.”

“அப்ப இன்னைக்கு யாரு முறை?”

இது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் பண்ணைப்புரத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். சீனிச்சாமிக்குக் கிணற்றில் நாலில் ஒரு பங்கு. நாலு நாளைக்கு ஒரு தரம்தான் தண்ணீர் அவர் முறை. சிம்ரன் பத்து வயதிலிருந்தே மம்பட்டியோடு போய் மடை மாற்றியவள். ஆளில்லாமல் தண்ணீர் ஓடினால், யாரோ மடையை அடைக்க மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். கண்ணில் பட்டவர் அடைத்துவிட்டுப் போக வேண்டும், அது பகையாளி தண்ணீராக இருந்தாலும் சரி. எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

ஒரு பூக்கடை வாசலில் வாய்க்கால் இரண்டாகப் பிரிந்தது. கல்லில் ஒரு வெட்டு. பக்கத்துச் சுவரில் ஒரு பலகை சாய்ந்திருந்தது. கை சும்மா இருக்குமா? எடுத்து வெட்டில் இறக்கினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

“ஏய், என்னடி பண்ற!”

“வீணாப் போகுதுடி.”

சொல்லி வாய் மூடவில்லை. தண்ணீர் முட்டி, கரையேறி, பூ வாளிகளுக்கு நடுவே புகுந்து கடைக்குள் போய்விட்டது. கடைக்காரம்மா நனைந்த செருப்போடு கத்திக்கொண்டே வெளியே வந்தார்.

4

முதலில் இப்படி எழுதினேன்: ‘சிம்ரன் நிமிர்ந்து நின்றாள். மடை திறந்த வெள்ளமாய் ஜெர்மன் மொழி அவள் நாவில்’

ஹேமாவதிக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

“அய்யோ, அத்தனையும் பொய்! சினிமாவுக்கா எழுதுறீக? அவ அழுதா மாமா.”

சரி, அழுதாள். தேர்வு அறையில் நின்ற மாதிரியே வாயடைத்து நின்றாள். கடைக்காரம்மா, “ஏன் அடைத்தாய்?” என்று கேட்டார்.

ஹேமாவதி பலகையை உருவித் தண்ணீரை விட்டாள். அவளுக்கு ஜெர்மன் சரளம். பதில் நாக்கு நுனியில் இருந்தது.

“நான் பேசியிருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும் மாமா. பேசல. பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன். கல்நெஞ்சுக்காரின்னு நெனச்சிருப்பா.”

சிம்ரன் மூக்கைத் துடைத்தாள். பிறகு ஜெர்மனில் மெதுவாகச் சொன்னாள்: “எங்கள் ஊரில் தண்ணீருக்கு முறை உண்டு.”

“முறையா? யார் வைத்தது?”

சிம்ரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஈரவிரலால் கல்லில் ஒரு வட்டம் போட்டாள்: கிணறு. நாலு கோடு இழுத்தாள்: நாலு பங்கு. கடைக்காரம்மாவும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மழை இல்லாத வருடம் என்ன செய்வீர்கள், பக்கத்தில் இன்னொருவர் ஆழமாகப் போர் போட்டால் உங்கள் கிணறு என்ன ஆகும் என்று அடுக்கிக்கொண்டே போனார். சிம்ரன் ஒன்றுவிடாமல் சொன்னாள். மொத்தம் ஒன்பது வாக்கியம், அதில் ஐந்து தப்பு. ஹேமாவதி எண்ணியிருக்கிறாள்.

“கடைசிக் கேள்விதான் மாமா போன தடவ பரீட்சையில புரபசரு கேட்டது! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.”

“இது ரொம்ப வசதியா இருக்கே கழுத. கதைக்காகச் சேக்குறியா?”

“மாரியாத்தா சத்தியமா, மாமா.”

யோசித்துப் பார்த்தால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. தண்ணீரைப் பற்றி உலகத்தில் மொத்தமே நாலைந்து கேள்விதான் இருக்கும். என் கடைக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் விவசாயச் சம்சாரிகளும் அதையேதான் கேட்கிறார்கள்.

கடைக்காரம்மா எல்லாம் கேட்டு முடித்து, உள்ளே போய் ஒரு துடைப்பானை எடுத்து வந்து சிம்ரன் கையில் கொடுத்தார். இருவரும் கடையைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

5

திரும்பும் வழியில் டிக்கெட்டைப் பற்றி ஹேமாவதி கேட்டதற்கு, “பாப்போம்டி,” என்றாள் சிம்ரன். அவ்வளவுதான். பெட்டி இன்னும் கட்டினபடியே இருக்கிறது.

முடிவு ஒன்று: சிம்ரன் தேர்ச்சி. சீனிச்சாமி பண்ணைப்புரம் முழுக்க லட்டுக் கொடுக்கிறார். (ஆசைதான். வேறென்ன.)

முடிவு இரண்டு: திங்கட்கிழமை விமானம். மதுரையில் வந்து இறங்குகிறாள். சீனிச்சாமி பெட்டியை வாங்கிக்கொண்டு, “சாப்டியா ஆத்தா?” என்பார். வேறு ஒரு வார்த்தை கேட்கமாட்டார். எனக்கு அவரைத் தெரியும். இருபது வருடமாக அவர் மோட்டாருக்கு நான்தான் காயில் கட்டுகிறேன். இதனாலும் குடி முழுகிப்போகாது. ஆனால் இதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

வாசகரே, இத்தனை நேரம் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இது உங்களுக்காக எழுதியதல்ல. பேனாவை மூடியதும் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புவேன். ஹேமாவதி அதை அடுத்த அறைக்குக் கொண்டுபோவாள். கட்டிய பெட்டி மேல் உட்கார்ந்து ஒருத்தி படிப்பாள். நீங்கள் சும்மா அவள் தோளுக்குப் பின்னால் நிற்கிறீர்கள்.

சிம்ரன், நான் ஹேமா மாமா சுருளிராஜன். உங்கப்பாவிடம் மூச்சு விடவில்லை. மூன்றாவது முடிவு இதோ, என்னால் முடிந்த மட்டும்.

முடிவு மூன்று: செவ்வாய்க்கிழமை காலை. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார். முதல் கேள்வியைக் கேட்கிறார். சிம்ரனுக்கு அழுகை வருகிறது. வரட்டும். பூக்கடையிலும் முதலில் அதுதானே வந்தது. அவள் மூக்கைத் துடைக்கிறாள். மேசை மேல் ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கிறது. விரலை நனைத்து, மேசையில் ஒரு வட்டம் போடுகிறாள்.

“எங்கள் ஊரில்,” என்கிறாள், “தண்ணீருக்கு

(இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்தவள் நீ ஒருத்திதான். சொல்லு, ஆத்தா.)