நாற்பத்தோராம் மரத்தின் சுற்றளவு

கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்துக்கு நோயல் இரண்டாம் முறையாக மரம் அளக்க வந்தான். போன வருடம் மனைவி ஆன்சி கூட வந்தாள். எட்டு மாதத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டாள். இப்போது துணைக்குப் படகோட்டி சாலமன்.

சுற்றுலா வருகிறவர்களின் கார்களும் படகுகளும் கக்கும் கரியமில வாயுவை இந்த ஆற்றுப் படுகையின் மரங்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மரம் பருத்திருந்தால் இழுத்திருக்கிறது. இழுக்கவில்லையென்றால் சாலமனின் சவாரிப் படகுக்கு அனுமதி நின்றுவிடும்.

அலையாத்தி மரத்தைத் தரையிலிருந்து இரண்டே முக்கால் முழம், மூன்று முழம் என்று குத்துமதிப்பாக அளக்கக் கூடாது. சரியாக நூற்று முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். ஆன்சி அளவுகோல் தூக்கியதே இல்லை. அவள் தோள் அதே உயரம். மரத்தோடு ஒட்டி நின்று, தோள் தொட்ட இடத்தில் சிவப்புப் பெயின்டால் வளையம் போடுவாள்.

முதல் மரத்தில் வளையம் நோயலின் மார்புக்கு இருந்தது. பத்தாவதில் இடுப்புக்கு. முப்பதாவதில் முழங்காலுக்கு.

"பவர் ஹவுஸ் சாம்பல் சேறு ஏறிகினே கீது நைனா. வளையம் எறங்கல, தரதான் மேல வருது" என்றார் சாலமன்.

அது நோயலுக்கும் தெரியும். ஆனாலும் யாரோ நடந்தபடியே சேற்றுக்குள் இறங்கிப் போனது போலிருந்தது.

நாற்பத்தோராம் மரத்தில் வளையமே தெரியவில்லை. இலையும் இல்லை. மூச்சுவேர்கள் மொத்தமும் புதைந்திருந்தன.

"கைய வுட்டுப் பாரு. உள்ளதான் இருக்கும்."

நோயல் மண்டியிட்டுத் தோள்வரை கையை விட்டான். சேறு வெதுவெதுப்பாக இருந்தது. தண்டுக்குப் பின்னால் டேப்பைத் தள்ளினான். மறுபக்கம் ஆள் நின்று வாங்கிக் கொடுத்தால்தான் முனை திரும்ப வரும். சாலமன் படகில் இருந்தார், இரண்டு கையிலும் துடுப்பு.

டேப்பின் முனை நோயலின் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது.

இழுத்துப் பிடித்து, கட்டைவிரலால் அடையாளம் வைத்து வெளியே எடுத்தான். அறுபத்திரண்டு. போன வருடம் நாற்பத்தெட்டு என்று வாய்விட்டுப் படித்தான்.

"ஒரே வருசத்துல பதினாலா! இன்னா மாமு, ஜிம்முக்குப் போச்சா மரம்? எழுது, எழுது. என் போட்டு தப்பிச்சிது."

நோயல் பேனாவைத் திறந்தான். எட்டு மாதமாக அந்த ஒரு வார்த்தையை அவன் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. ரேஷன் கார்டில் ஆன்சி இன்னும் இருக்கிறாள்.

"மூச்சுவேர் பொதஞ்சா மரம் பொழைக்காதுண்ணா."

"அப்போ நீ அளந்தது இன்னாது?"

நோயல் நாற்பத்தொன்றுக்கு எதிரே எழுதினான்: இறந்தது.

சாலமன் எட்டிப் படித்தார். முகம் சுருங்கியது. "பேஜாரு பண்ணாத நைனா. இன்னொரு தபா அள."

அளந்தான். டேப்பைப் பின்னால் தள்ளிவிட்டு, சேற்றுக்குள் விரல்களை விரித்துக் காத்திருந்தான். தண்ணீர் ஏறி முழங்கையைத் தாண்டித் தோளை நனைத்தது. இந்த முறை யாரும் எதையும் நீட்டவில்லை.

"போதும்," என்றார் சாலமன், மெதுவாக. "எந்திரிச்சி வா."